ஒரு முழம் காற்று

கலையரசி எகிறினாள். கை பின்னால் போய், முழு வேகத்தோடு முன்னால் வந்தது. வந்த கைக்கு எதிரே பந்து இல்லை. அது அவளுக்கும் எனக்கும் நடுவே பொத்தென்று விழுந்து, பளபளவென்ற மரத்தரையில் உருண்டு, நடுவரின் நாற்காலிக்கு அடியில் போய் நின்றது.

"ஏய் வசு, இன்னாடி ஆச்சு உனக்கு?" என்றாள் கலை.

எனக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த பந்தும் அப்படியேதான் விழுந்தது. அதற்கடுத்ததும். எதிரணிப் பெண்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பொத்துகிற சிரமத்தையும் விட்டுவிட்டார்கள்.

புதுச்சேரியில் ஓர் உள்ளரங்கம் அது. நாங்கள் போனது சும்மா ஒரு பயிற்சி ஆட்டத்துக்கு. எங்கள் மண்டலத்தில் ஜெயித்த அணி என்ற திமிரோடுதான் மரக்காணத்தில் பஸ் ஏறினோம். அந்தத் திமிர் முதல் அரை மணி நேரத்திலேயே இறங்கிவிட்டது.

சாம்பாருக்கு ஒரு வாரம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் கல்லூரி கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டுக் கலையரசியே போன் செய்தாள்.

"சாம்பாருக்கு ஒரு வாரம் குடுத்திருக்க. எனக்கு எப்போடி குடுப்ப?"

இந்த வாரம் முழுக்க உனக்குத்தான் தாயே. படித்துவிட்டுச் சண்டைக்கு வராதே.

வாலிபால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வருகிற பந்தை ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள். அதை வலையோரம் பதமாகத் தூக்கிப் போடுபவள் செட்டர். எகிறி அடிப்பவள் ஸ்மாஷர். அடி விழுந்தால் கைதட்டல் முழுக்க அடித்தவளுக்கு. தவறிப்போனால் திட்டு முழுக்கத் தூக்கிப் போட்டவளுக்கு. நான் செட்டர். கலை ஸ்மாஷர். இந்த அநியாயம் எனக்குப் பழகிப்போயிருந்தது.

அப்போது நான் கீழ்புத்துப்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் கல்லூரிக்கு வருவேன். கலைக்கு மரக்காணமே ஊர். அவள் அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. அவள் அக்கா உப்பைப் பாக்கெட் போடுகிற ஷெட்டில் வேலை பார்த்தாள். டிகிரி முடிந்ததும் கலைக்கும் அதே ஷெட்டில் ஓர் இடம் பேசி வைத்திருந்தார்கள்.

"எனக்கு உப்பு புடிக்கும்டி, சோத்துல. பாக்கெட்டுல இல்ல" என்பாள்.

அவள் ஆசை வேறு. பல்கலைக்கழக அணியில் ஒரு தடவை ஆடிவிட்டால் போதும், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் உடற்கல்விப் படிப்புக்கு இடம் கிடைக்கும், விடுதியும் கிடைக்கும், அப்புறம் எங்காவது பி.டி. டீச்சர் ஆகிவிடலாம். அதற்கு ஒரே வழிதான் இருந்தது. சீசன் முடிந்த பிறகு, மண்டலங்களில் ஜெயித்த அணிகளை மட்டும் சென்னைக்குக் கூப்பிட்டு ஒரு போட்டி வைப்பார்கள். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பது அங்கேதான். எங்கள் கல்லூரி முதல் முறையாக அதற்குத் தகுதி பெற்றிருந்தது. நாங்கள் கடைசி வருஷம். இன்னொரு வாய்ப்பு வராது.

நான் ஒழுங்காகப் பந்து போட்டால்தான் அவள் அடிக்க முடியும். அவள் அடித்தால்தான் தேர்வாளர் கண்ணில் படுவாள். ஆக, அவள் பிழைப்பு என் பத்து விரலில் இருந்தது. சென்னைப் போட்டி உள்ளரங்கத்தில் என்று தெரிந்துதான் பி.டி. மேடம் எங்களைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனார். நல்லவேளை, முன்னாடியே அழைத்துப் போனார்.

எங்கள் கணக்கு

திரும்பி வந்ததும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கல்லூரி மைதானத்துக்குப் போனோம். சாயங்கால வெயில். மைதானத்தின் வேலி முடிகிற இடத்தில் உப்பளம் ஆரம்பிக்கும். மழைக்காலத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, ஆட்கள் பாத்தியில் இறங்கி வரிசையாகச் சேற்றை மிதித்துக்கொண்டிருந்தார்கள். பொங்கல் கழிந்தால் உப்பளத்தில் அதுதான் வேலை. பாத்தித் தரை மிதிபட்டு இறுகினால்தான் உப்பு வெள்ளையாக வரும்.

"போடு பாக்கலாம்" என்றார் சரோஜா மேடம். எங்கள் பி.டி. மேடம் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே பேசுவார். பாதி பேச்சு, பாதி ஊதல். மூன்று வருஷத்தில் அந்த பாஷை எங்களுக்குப் பழகிவிட்டது.

நான் போட்டேன். கலை எகிறினாள். படாரென்று அடி. எதிர்ப்பக்கத் தரையில் மண் தெறித்தது. மறுபடி போட்டேன். மறுபடி படார்.

"இப்போ மட்டும் எப்புட்றீ வருது?" என்றாள் கலை.

மேடத்தின் முந்தானை மேற்கே பார்த்துப் படபடவென்று பறந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்து இடுப்பில் செருகப் போனவர், செருகாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார். அபூர்வமாக விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"காத்து" என்றார்.

எங்கள் மைதானத்துக்குக் காற்று கிழக்கே கடலிலிருந்து வரும். தடுக்க ஒரு மரம் கிடையாது. மண்டலப் போட்டியும் இங்கேதான் நடந்தது. பந்து உப்பளத்துக்குள் போகாமலிருக்க சீனியர்கள் நாங்கள் எப்போதும் ஒரே பக்கம் நின்று ஆடுவோம். நான் வலையோரம் நின்று இடது கோடியில் இருக்கும் கலைக்குப் போடுகிற பந்தைக் காற்று ஒரு முழம் தள்ளிக்கொண்டு போகும். அதனால் நான் ஒரு முழம் குறைத்தே போடுவேன். மீதியைக் காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் இப்படிச் செய்கிறேன் என்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது.

உள்ளரங்கத்தில் நான் என் பங்கை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறேன். காற்றுதான் வரவில்லை.

"சரி, காத்து இல்லாத எடத்துல பழகுவோம்" என்றார் மேடம். எல்லோரும் சிரித்தோம். மரக்காணத்தில் காற்று இல்லாத இடத்துக்கு எங்கே போவது?

"எங்க அப்பா வேல செய்ற எடத்துல உப்புக் கொட்டகை இருக்குது மேடம்" என்றாள் கலை. "பழைய உப்பெல்லாம் லாரி ஏறிடுச்சு. புது உப்பு வர்ற வரைக்கும் சும்மாதான் கெடக்கும்."

கொட்டகை

மறுநாளே போனோம். ஷீட் போட்ட உயரமான கொட்டகை. மூன்று பக்கமும் சுவர். லாரி வரும் பக்கத்தில் பெரிய தகரக் கதவு. அதை இழுத்துச் சாத்தினால் உள்ளே ஓர் இலை அசையாது.

கலையின் அப்பா சாவியோடு நின்றிருந்தார். "டீச்சரம்மா, ஒண்ணே ஒண்ணு. செருப்பு, ஷூ எதுவும் உள்ள வேணாம். சாப்புட்ற பொருள் கெடக்குற எடம்."

அதனால் வெறுங்கால். சிமென்ட் தரையில் மாவு சலித்த மாதிரி உப்புப் பொடி. எவ்வளவு பெருக்கினாலும் மறுநாள் மறுபடி பூத்திருக்கும். பந்து கூரையில் மோதினால் மேலேயிருந்து தலையில் பொழியும். விழுந்து எடுத்தால் முட்டி சிராயும். சிராய்ப்பில் உப்பு ஏறினால் எப்படி இருக்கும் என்று நான் எழுதிக் காட்டத் தேவையில்லை. எல்லோரும் ஒரே ராகத்தில் கத்துவோம். வீட்டுக்குப் போய் உதட்டை நக்கினால் கரிக்கும். தலைப்பின்னலை உதறினால் கரகரவென்று கொட்டும். இன்றைக்கும் கல்லுப்பு ஜாடியைத் திறந்தால் முதலில் என் முட்டிதான் எரிகிறது.

எங்கள் அணியில் ஜெனிபர் என்று ஒரு ஜூனியர் பெண். புதுச்சேரியில் பள்ளிக்கூடம் படித்தவள். சின்ன வயசிலிருந்தே உள்ளரங்கத்தில் பழகியவள். மேடம் எனக்குக் கொஞ்ச நேரம், அவளுக்குக் கொஞ்ச நேரம் என்று செட்டர் வேலையைக் கொடுத்துப் பார்த்தார். அவள் போட்டால் பந்து நூல் பிடித்த மாதிரி கலையின் இடத்துக்குப் போகும். படார். நான் போட்டால் ஒரு முழம் முன்னாலேயே விழும். பொத்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அந்தப் பெண் வேறு "அக்கா, அக்கா" என்று என் பின்னாலேயே சுற்றியதால் நிம்மதியாக வெறுக்கவும் முடியவில்லை.

வீட்டில் கூடத்துச் சுவரோரம் ஒரு சாக்கை விரித்து, எதிர்க் கோடியில் நின்று அதன்மேல் பந்து விழும்படி தூக்கிப் போட்டுப் பழகினேன். ட்யூப் லைட் உடைந்தது. அம்மா, "மாமியார் வீட்டுக்குப் போகப் போகிற பெண்" என்று ஆரம்பித்து நீளமாகத் திட்டினாள். கையோ கேட்கவே இல்லை. மூளை நேராகப் போடு என்றது. விரல் அந்த ஒரு முழத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது.

ஆனால் சில நாள் கழித்து ஓர் அதிசயம் நடந்தது. கொட்டகையில் நான் போட்ட பந்துகளைக் கலை அடிக்க ஆரம்பித்தாள். ஒன்று, இன்னொன்று, வரிசையாக. "கை திருந்திருச்சு மேடம்" என்று கத்தினேன். மேடம் சந்தோஷத்தில் நீளமாக ஊதினார். அன்றைக்கு அணி முழுவதற்கும் என் செலவில் பஜ்ஜி.

காலடி

அடுத்த சாயங்காலம் நான் ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஜெனிபர் போட்டாள். எப்போதும் போல நூல் பிடித்த பந்து. கலை எகிறினாள். கை வெறும் காற்றை வெட்டியது. பந்து அவளைத் தாண்டிப் போய் விழுந்தது.

"கலை! தூங்குறியா?" என்றார் மேடம்.

மறுபடி போட்டாள். மறுபடி தாண்டியது. ஜெனிபர் பாவம், தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

நான் தரையைப் பார்த்தேன். உப்புப் பொடியில் கலை ஓடி வந்து எகிறுகிற பாதங்களின் தடம் பளிச்சென்று தெரிந்தது. பழைய தடம் வலையின் கோடிக்கு நேரே, பெருக்கியும் அழியாமல் மங்கலாகக் கிடந்தது. புதுத் தடம் உள்பக்கம் தள்ளி இருந்தது. சரியாக ஒரு முழம்.

என் கை திருந்தவில்லை. அவள் தன் காலை மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏண்டி இப்படிப் பண்ண?"

"இன்னா பண்ணேன்?"

"உள்ள தள்ளி வந்து எகிற்ற. நான் பாத்தேன்."

முட்டியில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டினாள். "உன் கைய மாத்தறதுக்குள்ள போட்டியே முடிஞ்சிரும்டி. என் கால மாத்தறது ஈசி."

"லூசாடி நீ? நாளைக்கு யுனிவர்சிட்டி டீம்ல நானா வந்து போடப்போறேன்? அங்க எல்லாரும் நேராதான் போடுவாளுங்க. நீ உள்ள வந்து நின்னா எவ உன்ன எடுப்பா?"

"எடுக்காட்டி போறாளுங்க. நீ இல்லாம நான் எப்புட்றீ ஆடுவேன்? மூணு வருஷமா நீதானே போட்ட."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "அப்போ போய் உப்பு பாக்கெட் போடு" என்று கத்திவிட்டேன். அவளும் கத்தினாள். பாத்தி மிதித்துக்கொண்டிருந்தவர்கள் காலை நிறுத்திவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். சிராய்ப்பில் உப்பு பட்டபோதுகூட அப்படி எரிந்ததில்லை.

மறுநாள் காலை நானே மேடத்திடம் போனேன். "ஜெனிபரே போடட்டும் மேடம். கலையைப் பழைய எடத்துக்கே போகச் சொல்லுங்க."

மேடம் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ வெளிய உக்காரணும். பரவால்லையா?"

"பரவால்ல மேடம்."

பொய்தான். சாயங்காலம் பஸ்ஸில் கீழ்புத்துப்பட்டு வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே தலையை வைத்துக்கொண்டு போனேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டதாக நடத்துனரிடம் சொன்னேன்.

பெஞ்சில் உட்கார ஒப்புக்கொண்டேனே தவிர, சாக்கை விடவில்லை. தினமும் வீட்டில் போட்டேன். இனி யாருக்காக என்று கேட்காதீர்கள். பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் பந்து சாக்கின் நடுவில் விழுந்தது. திரும்பத் திரும்ப நடுவிலேயே விழுந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிப் பஜ்ஜி வாங்கிக் கொடுத்து ஒரு தடவை அவமானப்பட்டது போதாதா?

சென்னையில்

முதல் ஆட்டம் முழுக்க ஜெனிபர்தான் போட்டாள். கலை பழைய இடத்திலிருந்து அடித்துத் தள்ளினாள். கேலரியில் தேர்வாளர்கள் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பெஞ்சில் இருந்து தொண்டை கிழியக் கத்தினேன். ஜெயித்தோம்.

இரண்டாவது ஆட்டத்தில் எதிரணி பலமானது. செட் கணக்கு சமமாக இருந்தது. கடைசி செட்டின் நடுவில் ஜெனிபரின் விரல் பந்தில் மடங்கிக்கொண்டது. அழுதபடி வெளியே வந்தாள். மேடம் என்னைப் பார்த்து ஊதினார். அந்த ஊதலுக்கு அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

உள்ளே ஓடினேன். காற்று இல்லை, காற்று இல்லை என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். பந்து என் தலைக்கு மேலே வந்தது. விரலில் வாங்கினேன். தள்ளினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக முழுசாக, நேராக, கலையின் இடத்துக்குப் போட்டேன்.

கலை அங்கே இல்லை.

நான் உள்ளே வருவதைப் பார்த்ததும் அவள் ஒரு முழம் உள்ளே தள்ளி வந்துவிட்டாள், எனக்காக. அவள் எகிறிய இடத்தைத் தாண்டிப் பந்து அழகாகப் போய், கோடியில் தனியாக விழுந்தது. இப்படி ஒரு பந்தை அங்கே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"இன்னாடி நேரா போட்டுட்ட!" என்றாள் கலை.

"நீ ஏண்டி உள்ள வந்த!" என்றேன்.

அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் வலையோரம் குனிந்துவிட்டாள். சண்டை போட்ட நாளிலிருந்து நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவே இல்லை. நடுவர் ஊதினார். மேடமும் ஊதினார். யார் எதற்கு ஊதுகிறார்கள் என்று தெரியவில்லை.

அடுத்த பந்து வருவதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. நான் நேராகப் போட்டு அவள் மறுபடி உள்ளே வந்தால்? நான் குறைத்துப் போட்டு அவள் வெளியே போனால்? கேலரியில் இருப்பவர்கள் அவளைப் பற்றி என்ன நினைப்பார்கள்? பந்து மேலே எழும்பியது. ரகசியம், தந்திரம் எல்லாவற்றையும் மறந்து கத்தினேன்.

"நேராடீ!"

எதிரணிக்கும் கேட்டது. கேட்டு என்ன செய்வது? கலை நேரே போனாள். எகிறினாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தடுக்க எழும்பிய இரண்டு கைகளுக்கும் மேலே போய், தரையில் விழுந்து, பின்சுவர் வரைக்கும் எகிறியது பந்து. அதற்கப்புறம் ஒவ்வொரு பந்துக்கும் "நேராடீ" என்று கத்தினேன். அவளும் ஒவ்வொன்றையும் அடித்தாள்.

கடைசியில் கொஞ்ச வித்தியாசத்தில் தோற்றுப்போனோம். சாயங்காலம் மைக்கில் தேர்வானவர்களின் பெயர்களை வாசித்தார்கள். கலையரசி என்று வந்தபோது அவள் என் கையைப் பிடித்து நெரித்தாள். பந்தைத் தள்ளித் தள்ளி வீங்கிப்போயிருந்த என் விரல்கள் வலித்தன. விடச் சொல்லவில்லை.

அவள் இடம்

கலை பல்கலைக்கழக அணியின் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டாள். எங்களுக்கு மைதானத்தில் வேலையில்லை. கொட்டகையில் புது உப்பு வந்து நிறைந்துவிட்டது. நான் பரீட்சைக்குப் படிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் கல்லூரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் செய்தாள். சாப்பாடு நன்றாக இருக்கிறது, ஷூ கொடுத்திருக்கிறார்கள், ஒரு பெண் குறட்டை விடுகிறாள் என்று ஏதேதோ சொன்னாள். அப்புறம் குரல் இறங்கியது.

"இங்க எல்லாம் சூப்பரா போட்றாளுங்கடி. ஆனா ஒருத்திக்கும் காத்து தெரியல."

"அதெல்லாம் வேணாம். நீ நேரா போய் அடி" என்றேன்.

"ம்" என்றாள்.

போனை வைத்துவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறாமல் விட்டேன். ஸ்போர்ட்ஸ் ரூமில் ஒரு பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். யாரும் இல்லை. வலையைக் கழற்றிவிட்டிருந்தார்கள். உப்பேறிய இரண்டு கம்பங்கள் மட்டும் நின்றன. கிழக்கிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. நான் எப்போதும் நிற்கும் இடத்தில் நின்று பந்தைத் தூக்கிப் போட்டேன், ஒரு முழம் குறைத்து. காற்று அதை வாங்கிக்கொண்டுபோய், கலை நிற்கும் இடத்தில் சரியாக இறக்கி வைத்தது.

போய் எடுத்துக்கொண்டு வந்தேன். மறுபடி போட்டேன். மறுபடி அங்கேதான் விழுந்தது. அன்றைக்கு வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் யாரும் இல்லாததால், கண்ணில் தூசி என்று சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.